பாவாடை நாடாவும் பன்னிரண்டு டிக்கும்: சினைப்பைப் புற்றுநோயின் அறிகுறிகளைக் கண்டுகொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

பெண்கள் வார்டில் செவிலியராக இருந்த காலத்தில், புதிதாக அட்மிஷன் ஆகும் அம்மாக்களிடம் நான் கேட்கும் ஒரு கேள்வி கேஸ் ஷீட்டில் இருக்காது. "பாவாடை நாடா எட்டுதாம்மா?" என்று கேட்பேன். பிறகு சினைப்பையில் புற்றுநோய் என்று உறுதியானவர்களில் பலர் கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரே மாதிரிதான் பதில் சொல்வார்கள். "ஆமா சிஸ்டர், நாலஞ்சு மாசமாவே முடிச்சு போட நுனிதான் மிச்சம் இருக்கு. சதை போட்டுட்டேன்னு நினைச்சேன்." அவர்களின் கையும் கழுத்தும் மெலிந்திருக்கும், வளையல் முழங்கை வரை ஏறும். வயிறு மட்டும் முன்னால் வந்திருக்கும்.

அந்த நாலைந்து மாதத்தில் எத்தனை மாதத்தை மிச்சப்படுத்த முடியும் என்று பார்க்கத்தான் இந்த வழிகாட்டி. மருத்துவம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒரு காலண்டரும் பேனாவும் போதும். ஒவ்வொரு படியாக நாம் சேர்ந்தே போவோம்.

எது இந்த நோய், எது இல்லை?

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். கர்ப்பப்பையின் இரண்டு பக்கமும் பாதாம் பருப்பு அளவில் பக்கத்துக்கொன்றாக இருப்பவை சினைப்பைகள். ஓவரி என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். கருமுட்டை இங்கிருந்துதான் வருகிறது. இதில் வருவது சினைப்பைப் புற்றுநோய்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வேறு. அதற்கு ஹெச்பிவி தடுப்பூசி இருக்கிறது, பேப் ஸ்மியர் சோதனையும் இருக்கிறது. "நான் போன வருஷம்தான் பேப் ஸ்மியர் எடுத்தேன், நார்மல்னு வந்துச்சு" என்று நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. அந்தச் சோதனை கர்ப்பப்பை வாயை மட்டும்தான் பார்க்கும். சினைப்பையைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. ஊரில் நடக்கும் அரசு முகாம்களில் வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய் ஆகிய மூன்றைத்தான் பார்ப்பார்கள். அங்கேயும் சினைப்பை கணக்கில் வராது.

இன்னொன்று, நம் ஊரில் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராகிவிட்ட 'நீர்க்கட்டி'. கல்லூரிப் பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போகும்போது ஸ்கேனில் சொல்லும் பிசிஓஎஸ் புற்றுநோய் கிடையாது. மாதவிடாய் இருக்கும் வயதில் மாதா மாதம் தோன்றி மறையும் சாதாரண நீர்க்கட்டியும் புற்றுநோய் கிடையாது. பெரும்பாலும் இரண்டு மூன்று மாதத்தில் தானே கரைந்துவிடும். நீர்க்கட்டி என்ற சொல்லைக் கேட்டதும் அழ ஆரம்பித்த இருபது வயதுப் பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பயப்பட வேண்டியவர்களோ வாயுத் தொல்லை என்று ஓமத் தண்ணீர் குடித்துக்கொண்டு வீட்டில் இருந்தார்கள்.

ஏன் சீக்கிரம் தெரிவதில்லை?

மார்பில் கட்டி வந்தால் கையில் தட்டுப்படும். சினைப்பையோ இடுப்புக் குழிக்குள் ஆழத்தில் இருக்கிறது. சுற்றிலும் இடம் தாராளம். கட்டி ஒரு எலுமிச்சை அளவுக்கு வளர்ந்தாலும் யாரையும் இடிக்காது. அதற்குள் அதன் செல்கள் உதிர்ந்து வயிற்றுக்குள் பரவிவிடலாம். குடலைப் போர்த்தியிருக்கும் சவ்வில் ஒட்டிக்கொள்ளும், நீர் சுரக்க வைக்கும். அப்போதுதான் வயிறு உப்புகிறது. சினைப்பைப் புற்றுநோயில் அதிகம் காணப்படும் வகை பல நேரம் சினைப்பையில் தொடங்குவதே இல்லை என்றும், பக்கத்திலுள்ள கருக்குழாயின் நுனியில் தொடங்கிச் சினைப்பைக்கு வருகிறது என்றும் இப்போது கண்டிருக்கிறார்கள்.

இந்தியாவில் ஆண்டுக்கு 45 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்கு இந்த நோய் புதிதாக வருகிறது. பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் மார்பகம், கர்ப்பப்பை வாய் இரண்டுக்கும் அடுத்த இடம் இதற்கு. சினைப்பையைத் தாண்டுவதற்குள் கண்டுபிடித்துவிட்டால் பத்தில் ஒன்பது பேர் ஐந்து ஆண்டுகளைத் தாண்டி வாழ்கிறார்கள். தூரத்து உறுப்புகளுக்குப் பரவிய பிறகு என்றால் அது பத்தில் மூன்று பேர் என்று குறைந்துவிடுகிறது. பிழைத்திருப்பவர்கள் பற்றிய இந்த இரண்டும் அமெரிக்கக் கணக்குகள்.

'பம்பாய்', 'இந்தியன்' படங்களில் நாம் பார்த்த மனீஷா கொய்ராலாவுக்கு 2012இல் இந்த நோய் முற்றிய நிலையில்தான் தெரிந்தது. அவருக்கு வயது 42. நியூயார்க்கில் அறுவை சிகிச்சையும் கீமோதெரபியும் எடுத்துக்கொண்டு மீண்டு வந்து நடித்துக்கொண்டிருக்கிறார். பரவிய பிறகும் வழி இருக்கிறது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

யார் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்?

வயது முதல் விஷயம். மாதவிடாய் நின்ற பிறகுதான் இந்த நோய் அதிகம் வருகிறது. ஐம்பதைத் தாண்டிய அம்மா, அத்தை, பெரியம்மா ஆகியோருக்காகத்தான் இதை முக்கியமாகப் படிக்கிறோம். ஆனால் பதின்வயதிலும் இருபதுகளிலும் வரும் வேறொரு வகை உண்டு. அது வேகமாக வளரும், வலியும் கொடுக்கும். நல்லவேளையாக, குணமாகும் வாய்ப்பு அதில் மிக அதிகம். பெரும்பாலும் ஒரு பக்கச் சினைப்பையை மட்டும் எடுத்துவிட்டு, குழந்தை பெறும் வாய்ப்பைக் காப்பாற்றியே சிகிச்சை தருகிறார்கள்.

இரண்டாவது, குடும்பம். ஒரு வெள்ளைத்தாளில் வம்ச விவரத்தை எழுதிப் பார்ப்போம். அம்மா, அக்கா தங்கை, பாட்டி, சித்தி, அத்தை என்று ஒவ்வொருவருக்கும் மார்பகம், சினைப்பை, குடல், கர்ப்பப்பைப் புற்றுநோய் இருந்ததா என்று குறிக்க வேண்டும். அப்பா வழியை விட்டுவிடக் கூடாது. பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 என்ற மரபணுக் கோளாறு அப்பாவிடமிருந்தும் மகளுக்கு வரும்.

இங்கே ஒரு சிக்கல். நம் பாட்டிகளின் சாவுக்கு யாரும் புற்றுநோய் என்று பெயர் வைத்திருக்க மாட்டார்கள். "மகோதரத்தில் போய்ட்டா", "வயித்துல கட்டி", "தண்ணி கோத்துக்கிச்சு" என்றுதான் சொல்வார்கள். கல்லீரல் கெட்டாலும் வயிற்றில் நீர் கோக்கும், அதனால் எல்லா மகோதரமும் இதுதான் என்று முடிவு கட்ட முடியாது. ஆனால் குடிப்பழக்கமோ மஞ்சள் காமாலையோ இல்லாத பாட்டிக்கு நீர் கோத்தது என்றால், தாளில் ஒரு கேள்விக்குறி போட்டுக்கொள்வோம்.

பிஆர்சிஏ1 கோளாறு உள்ளவர்களில் ஏறத்தாழ பத்தில் நால்வருக்கு வாழ்நாளில் சினைப்பைப் புற்றுநோய் வரலாம். பொதுவாகப் பெண்களுக்கு அது நூற்றில் ஒன்றைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். ஹாலிவுட் நடிகை ஏஞ்சலினா ஜோலியின் அம்மா இந்த நோயால் 56 வயதில் இறந்தார். தனக்கும் பிஆர்சிஏ1 கோளாறு இருப்பது தெரிந்து, 2015இல் ஜோலி சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் முன்கூட்டியே எடுத்துவிட்டார்.

குழந்தை பெறாதவர்கள், எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உள்சவ்வு வெளியே வளரும் கோளாறு) உள்ளவர்கள், ஏற்கெனவே மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் ஆகியோருக்கும் ஆபத்து கொஞ்சம் கூடுதல். பிள்ளைப்பேறு, தாய்ப்பால் கொடுத்தது, சில ஆண்டுகள் கருத்தடை மாத்திரை சாப்பிட்டது, குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டது ஆகியவை ஆபத்தைக் குறைக்கும். குறைக்கும் என்பதை வராது என்று படித்துவிடக் கூடாது.

"எனக்குத்தான் கர்ப்பப்பையே எடுத்தாச்சே!"

இதற்குத் தனித் தலைப்பே வேண்டும், அவ்வளவு முறை கேட்டிருக்கிறேன். கர்ப்பப்பையை எடுத்தபோது சினைப்பையையும் எடுத்தார்களா என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. பீரோவில் புடவைக்கு அடியில் இருக்கும் டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பார்ப்போம். வெறும் டி.ஏ.ஹெச். அல்லது ஹிஸ்டரெக்டமி என்று மட்டும் எழுதியிருந்தால், கர்ப்பப்பை மட்டும் போயிருக்கிறது, சினைப்பைகள் உள்ளேதான் இருக்கின்றன என்று பொருள். கூடவே பி.எஸ்.ஓ. என்று இருந்தால் இரண்டு சினைப்பைகளையும் எடுத்திருக்கிறார்கள். தாள் கிடைக்கவில்லையா? ஒரு ஸ்கேன் எடுக்கும்போது டாக்டரிடம் கேட்டால் தெரிந்துவிடும்.

கவனிக்க வேண்டிய நான்கு

நான்கும் சாதாரணத் தொந்தரவுகள்தான். எல்லார் வீட்டிலும் உண்டு.

முதலாவது, வயிறு உப்புசம். சாப்பிட்டதும் வந்து காலையில் வடிந்துவிடும் உப்புசத்தை விடுங்கள். நாள் முழுக்க இருப்பது, வாரக்கணக்கில் இறங்காமல் இருப்பதுதான் நமக்கு முக்கியம். பாவாடை நாடாவைப் பாருங்கள். சுடிதார் போடுகிறவர்கள் என்றால் பேன்ட்டின் நாடா. வழக்கமாக முடிச்சு விழும் இடத்தில் துணி கறுத்து நைந்திருக்கும். இப்போது முடிச்சு அந்த இடத்தைத் தாண்டி நுனிக்குப் போயிருக்கிறதா?

இரண்டாவது, சாப்பிட உட்கார்ந்ததும் வயிறு நிறைந்துவிடுவது. நாலு இட்லி சாப்பிடுகிறவர் ஒன்றரை இட்லியில் தட்டைத் தள்ளுகிறார். பசி இருக்கிறது, உட்கார்ந்தால் இறங்க மாட்டேன் என்கிறது. வீட்டில் பரிமாறுகிற ஆளே கடைசியில் சாப்பிடுவதால் இதை யாரும் கவனிப்பதில்லை. ஒரு வேளையாவது அம்மாவோடு சேர்ந்து உட்காருங்கள்.

மூன்றாவது, அடிவயிற்றிலோ இடுப்பிலோ வலி, அல்லது கனம். "சுருக்குனு குத்துது" என்பதைவிட "என்னமோ இறங்கி உட்கார்ந்த மாதிரி இருக்கு" என்றுதான் பலர் சொல்வார்கள்.

நான்காவது, அடிக்கடி சிறுநீர், அதுவும் அடக்க முடியாத அவசரத்தில். கட்டி சிறுநீர்ப்பையை அழுத்துவதால் வருவது. சர்க்கரை நோயிலும் நீர்க்கடுப்பிலும் இதே தொந்தரவு வரும். சர்க்கரை அளவும் யூரின் டெஸ்டும் சரியாக இருந்து, தொந்தரவு மட்டும் போகவில்லை என்றால் அடுத்த காரணத்தைத் தேட வேண்டும்.

இவற்றோடு புதிதாக வந்த மலச்சிக்கல், காரணமில்லாத சோர்வு, எடை இறங்குவது ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளலாம். மாதவிடாய் நின்று ஓராண்டு கழித்து ஒரு சொட்டு ரத்தம் பட்டால்கூட, எண்ணிக்கை எதுவும் பார்க்காமல் உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

எப்படிக் கணக்கு வைப்பது?

யாருக்குத்தான் வயிறு உப்பவில்லை? எல்லாரும் ஸ்கேனுக்கு ஓட முடியுமா? இந்த இடத்தில்தான் எண்ணிக்கை உதவுகிறது.

அமெரிக்காவின் சியாட்டில் நகர மருத்துவர் பார்பரா காஃப் தலைமையிலான குழு 2007இல் ஒரு எளிய அளவுகோலை வெளியிட்டது. தொந்தரவு தொடங்கி ஓராண்டுக்குள் இருக்க வேண்டும், மாதத்தில் 12 நாளுக்கு மேல் வர வேண்டும். இரண்டும் பொருந்தினால் பரிசோதிக்க வேண்டும். பிரிட்டனின் அரசு வழிகாட்டுதல் 2011இல் இதே 12 என்ற எண்ணை எடுத்துக்கொண்டது. இருபது வருஷமாக இருக்கும் அல்சர் தொந்தரவுக்கு இது பொருந்தாது. தீபாவளிப் பலகாரம் தின்ற மூன்று நாள் உப்புசத்துக்கும் பொருந்தாது.

அடுப்படியில் தொங்கும் மாதக் காலண்டர் போதும், நகைக்கடையில் கொடுத்ததோ மளிகைக்கடையில் கொடுத்ததோ எதுவானாலும் சரி. இரவு படுக்கப் போகும்போது தேதிக் கட்டத்துக்குள் டிக் போடுவதுபோல ஒரு எழுத்து: உப்புசம் என்றால் 'உ', சாப்பிட முடியவில்லை என்றால் 'சா', வலிக்கு 'வ', சிறுநீருக்கு 'சி'. ஒன்றும் இல்லாத நாளைக் காலியாக விடுவோம். அமாவாசை, பௌர்ணமி குறிக்கிற கை இதையும் குறித்துவிடும். மாதத்தின் முதல் தேதியும் கடைசித் தேதியும் தொப்புளைச் சுற்றி இஞ்ச் டேப்பால் அளந்து ஓரத்தில் எழுதுவோம், காலையில் வெறும் வயிற்றில்.

எழுத்து விழுந்த கட்டங்களை மாதக் கடைசியில் எண்ணுவோம். ஏதாவது ஒரு எழுத்தே 12 கட்டத்தைத் தாண்டினால் டாக்டரைப் பார்க்க வேண்டும். முதல் மூன்று வாரத்திலேயே 12ஐத் தாண்டிவிட்டதா? மாதம் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

இப்படி 12 தாண்டியவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருக்காது. நூறு பேரில் ஒருவர் அளவில்தான் வரும். ஆகவே டிக் விழுந்ததுமே நோய் என்று அர்த்தமில்லை. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: தொந்தரவு தெரியும் முன்பே பரவிவிட்ட நோயும் உண்டு. காலண்டர் எல்லாரையும் காப்பாற்றிவிடாது. ஆனால் கேஸ் மாத்திரையில் கரையும் மாதங்களை நிச்சயம் குறைக்கும்.

எந்த டாக்டர், என்ன சொல்வது?

முதலில் மகளிர் நோய் மருத்துவர், அதாவது கைனகாலஜிஸ்ட். கிராமத்தில் இருப்பவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே தொடங்கலாம், அங்கிருந்து தாலுகா அல்லது மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு எழுதித் தருவார்கள்.

ஓ.பி.யில் ஒருவருக்கு மூன்று நிமிடம் கிடைத்தால் அதிகம். வழக்கமான உரையாடல் இப்படிப் போகும்:

"என்னம்மா செய்யுது?"

"வயிறு ஒரு மாதிரியா இருக்கு டாக்டர்."

"கேஸா இருக்கும், மாத்திரை எழுதுறேன்."

டாக்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. 'ஒரு மாதிரி' என்பதற்கு யாரும் ஸ்கேன் எழுத மாட்டார்கள். இதையே காலண்டரைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லிப் பார்ப்போம்: "மூணு மாசமா புதுசா வயிறு உப்புது. போன மாசம் 17 நாள். இடுப்பளவு ரெண்டு இஞ்ச் கூடியிருக்கு, எடை குறைஞ்சிருக்கு. சித்திக்கு மார்புல புற்றுநோய் இருந்துச்சு. ஓவரியைப் பார்க்கணுமா டாக்டர்?" அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்கத் தயங்க வேண்டாம். கேட்டதற்காகத் திட்டிய டாக்டரை நான் பார்த்ததில்லை. கேட்காமல் வந்துவிட்டு வருந்தியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஐம்பது வயதுக்கு மேல் முதன்முதலாக 'குடல் எரிச்சல் நோய்', ஐ.பி.எஸ். என்று பெயர் வைத்தால் இந்தக் கேள்வியைக் கட்டாயம் கேட்க வேண்டும். அந்த நோய் அந்த வயதில் புதிதாகத் தொடங்குவது அபூர்வம்.

என்னென்ன பரிசோதனை?

டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பார், உள்பரிசோதனையும் செய்வார். அதன் பிறகு இரண்டு விஷயம்: ஒரு ஸ்கேன், ஒரு ரத்தப் பரிசோதனை.

வயிற்றின் மேலே ஜெல் தடவிப் பார்க்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனுக்குச் சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும். ஒரு மணி நேரம் முன்னதாக ஒரு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு அடக்கிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். வீட்டிலேயே குடித்துவிட்டு பஸ்ஸில் ஏறாதீர்கள். டோக்கன் வாங்கி, முன்னால் எத்தனை பேர் என்று கேட்டுவிட்டுப் பாட்டிலைத் திறங்கள். பிறப்புறுப்பு வழியாகச் சிறு கருவியை வைத்துப் பார்க்கும் டி.வி.எஸ். ஸ்கேனில் சினைப்பை இன்னும் தெளிவாகத் தெரியும். அதற்குப் பை காலியாக இருக்க வேண்டும். திருமணமாகாதவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் வயிற்றின் மேலே எடுக்கும் ஸ்கேனோடு நிறுத்திக்கொண்டு வேறு வழி பார்ப்பார்கள்.

ரத்தப் பரிசோதனையின் பெயர் சி.ஏ.125. வெறும் வயிறு தேவையில்லை. 35 வரை இயல்பு. மாதவிடாய் நாட்களில் எடுக்க வேண்டாம், அப்போது அது கூடிக் காட்டும்.

இளம்பெண்களுக்குக் கட்டி தெரிந்தால் ஏ.எஃப்.பி., பீட்டா ஹெச்.சி.ஜி., எல்.டி.ஹெச். என்று வேறு மூன்று ரத்தப் பரிசோதனைகளையும் எழுதுவார்கள். ஸ்கேனில் சந்தேகம் வந்தால் அடுத்தது சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ.

ரிப்போர்ட்டில் எதைப் பார்ப்பது?

முடிவு சொல்ல வேண்டியவர் டாக்டர். ஆனாலும் ரிப்போர்ட் கையில் கிடைத்ததும் நாம் படிக்கத்தான் போகிறோம், அதனால் சரியாகப் படிப்போம். 'சிம்பிள் சிஸ்ட்' என்றால் தெளிந்த நீர் மட்டும் உள்ள பை. பெரும்பாலும் தொந்தரவில்லாதது. 'செப்டேஷன்' என்றால் உள்ளே தடுப்புகள். 'சாலிட் காம்பொனென்ட்' என்றால் சதைப்பற்றுள்ள பகுதி. 'அசைட்டிஸ்' என்றால் வயிற்றில் நீர். பின்னிரண்டும் இருந்தால் நாள் கடத்தக் கூடாது. சில இடங்களில் ஓ-ராட்ஸ் என்று 0 முதல் 5 வரை எண் கொடுக்கிறார்கள். 2 என்றால் கிட்டத்தட்ட கவலையில்லை. 4, 5 என்றால் அடுத்த வாரமே நிபுணரிடம் போக வேண்டும்.

சி.ஏ.125 எண்ணைத் தனியாகப் பார்த்து யாரும் முடிவு செய்வதில்லை. 1990இல் வந்த ஒரு பெருக்கல் கணக்கு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. ஸ்கேன் மதிப்பெண், மாதவிடாய் மதிப்பெண், சி.ஏ.125 மூன்றையும் பெருக்க வேண்டும். ஸ்கேனில் சந்தேகக் குறி ஒன்று என்றால் 1, இரண்டு அல்லது அதற்கு மேல் என்றால் 3. மாதவிடாய் இருந்தால் 1, நின்றுவிட்டால் 3.

இரண்டு பெண்களுக்கு சி.ஏ.125 ஒரே மாதிரி 90 என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு வயது 32, ஸ்கேனில் ஒரே ஒரு குறி: 1×1×90, மொத்தம் 90. எண்டோமெட்ரியோசிஸாக இருக்கலாம் என்று பொறுமையாகப் பார்ப்பார்கள். இன்னொருவருக்கு 58, ஸ்கேனில் இரண்டு பக்கமும் கட்டி, நீரும் இருக்கிறது: 3×3×90, மொத்தம் 810. இந்தக் கணக்கு 200ஐத் தாண்டினாலே புற்றுநோய் நிபுணரிடம் அனுப்புவார்கள்.

எண் இயல்பாக இருந்தாலும் நிம்மதி முழுசாக வராது. முதல் நிலையில் உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு சி.ஏ.125 கூடுவதே இல்லை. டிக் விழுந்துகொண்டே இருந்தால், ரிப்போர்ட் நார்மல் என்றாலும், ஒரு மாதத்தில் திரும்பப் போய்க் காட்டுவோம்.

எவ்வளவு செலவு?

தனியாரில் வயிறு ஸ்கேன் ஏறத்தாழ 1,000 முதல் 2,000 ரூபாய், சி.ஏ.125 பரிசோதனை ஏறத்தாழ 1,000 முதல் 1,500 ரூபாய். டாக்டர் ஃபீஸையும் சேர்த்தால் 4,000 ரூபாய்க்குள் முதல் கட்டம் முடிந்துவிடும். மருந்து கொடுத்து எடுக்கும் சி.டி. ஸ்கேனுக்கு இன்னொரு 5,000 முதல் 8,000 ரூபாய் தயாராக வைத்துக்கொள்ள வேண்டும். ஊருக்கு ஊர், லேபுக்கு லேப் மாறும், போன் போட்டுக் கேட்டுவிட்டுப் போவது நல்லது. அரசு மருத்துவமனையில் அல்ட்ராசவுண்டுக்குக் காசு கிடையாது, காத்திருப்புதான் விலை.

சிகிச்சை என்று வந்தால் செலவு லட்சங்களில் போகும். அதற்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. அட்டை இல்லாதவர்கள் இன்றைக்கே தொடங்கலாம்: கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று, கூடவே குடும்ப அட்டை, ஆதார், எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்கு. கட்டணமில்லா எண் 1800 425 3993. நோய் உறுதியான பிறகு அட்டைக்கு அலைவது எவ்வளவு கொடுமை என்பதை வார்டு வாசலில் நின்று பார்த்திருக்கிறேன்.

உஷார்

எந்தத் தொந்தரவும் இல்லாதவர்கள் 'ஃபுல் பாடி செக்கப்' பேக்கேஜில் சி.ஏ.125 இருக்கிறதே என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பிரிட்டனில் 2 லட்சத்துக்கும் அதிகமான பெண்களை 2001 முதல் 2005 வரை சேர்த்து, பாதிப் பேருக்கு மட்டும் ஆண்டுதோறும் ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ செய்து, மற்றவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2021இல் முடிவு வந்தது: இந்த நோயால் இறப்பவர்களின் எண்ணிக்கை குறையவில்லை. தேவையில்லாத பயமும் தேவையில்லாத ஆபரேஷனும்தான் மிச்சமாகும்.

நம் நாட்டில் ஒரு பெரிய வழுக்கல் உண்டு. வயிற்றுக் காசநோயிலும் வயிற்றில் நீர் கோக்கும், எடை குறையும், சி.ஏ.125 நூற்றுக்கணக்கில் ஏறும். என் பெரியம்மாவுக்கு ஒரு மருத்துவமனையில் நீரை எடுத்துச் சரியாகச் சோதிக்காமலேயே டி.பி. மாத்திரை ஆரம்பித்தார்கள். நானும் செவிலியர்தான், கூடவே இருந்தேன், தலையாட்டினேன். இரண்டு மாதம் கழித்துத்தான் அது சினைப்பைப் புற்றுநோய் என்ற உண்மை தெரிந்தது. இதற்கு நேர் எதிராக, காசநோய்க்குப் போய்ப் பெரிய ஆபரேஷன் நடந்துவிடுவதும் உண்டு. எதுவானாலும், "நீரிலோ திசுவிலோ நிரூபணம் ஆகியிருக்கிறதா டாக்டர்?" என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த படி.

சந்தேகமுள்ள கட்டியை ஊசி போட்டு உறிஞ்சுவதற்கும், லேப்ராஸ்கோப்பியில் உடைத்து எடுப்பதற்கும் அவசரப்பட்டுச் சம்மதிக்கக் கூடாது. பைக்குள் அடைபட்டிருக்கும் செல்கள் வயிற்றுக்குள் சிந்தினால் முதல் நிலைக்குள்ளேயே நோய் ஒரு படி மேலே போய்விடும். கட்டி கரைய லேகியம், சூரணம் என்று மூன்று மாதம் கெடு வைப்பவர்களிடமும் போக வேண்டாம்.

திடீரென்று தாங்க முடியாத அடிவயிற்று வலி, நிற்காத வாந்தி, மூச்சுத் திணறல், ஒரு காலில் மட்டும் வீக்கம் ஆகியவற்றில் எது வந்தாலும் காலண்டரை விட்டுவிட்டு அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

சந்தேகம் வலுத்தால், அடுத்து?

இதில் நிபுணர் என்றால் பெண்களுக்கான புற்றுநோய் அறுவை மருத்துவர், கைனக் ஆன்காலஜிஸ்ட். முதல் ஆபரேஷனை யார் செய்கிறார் என்பது இந்த நோயில் மிக முக்கியம். கண்ணுக்குத் தெரியும் கட்டி எதுவும் மிச்சமில்லாமல் எடுப்பதில்தான் பின்னால் வரும் ஆண்டுகள் அடங்கியிருக்கின்றன. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, காஞ்சிபுரம் காரப்பேட்டையில் உள்ள அரசின் அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களில் இதற்கான நிபுணர்கள் இருக்கிறார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் புற்றுநோய்ப் பிரிவைக் கேட்டுப் போகலாம். ஆபரேஷனோடு பெரும்பாலும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை என்று ஆறு கீமோ. பரவலைப் பொறுத்து சிலருக்குக் கீமோ முதலில், ஆபரேஷன் நடுவில்.

நோய் உறுதியானவர்களுக்குப் பிஆர்சிஏ மரபணுப் பரிசோதனை உண்டா என்று கேளுங்கள். அதில் கோளாறு தெரிந்தால் அக்கா, தங்கை, மகள் எல்லாரும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும், மகனும்தான். இதையும் பெரியம்மாவிடமிருந்தே கற்றோம். அவர் ரிப்போர்ட் வந்த வாரம் என் பெரியம்மா மகள்கள் இருவரும் ரத்தம் கொடுத்தார்கள். ஒருத்திக்கு இல்லை. மூத்தவளுக்கு இருந்தது. இரண்டாவது பிள்ளை பிறந்து, நாற்பதாவது வயதில் சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் எடுத்துக்கொண்டாள். அவள் வீட்டு அடுப்படிக் காலண்டரில் இப்போது பால் கணக்கு மட்டும்தான் இருக்கிறது.

போகும்போது ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்குவோம்: காலண்டர் தாள், வம்சத் தாள், பழைய டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் ரிப்போர்ட்டோடு ஃபிலிமும், காப்பீட்டு அட்டையின் இரண்டு ஜெராக்ஸ். ஏற்கெனவே எங்காவது பயாப்சி எடுத்திருந்தால் அதன் ஸ்லைடையும் பிளாக்கையும் அந்த லேபிலிருந்து கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். பெரிய மருத்துவமனைகளில் முதல் நாளே அதைக் கேட்பார்கள், இல்லையென்றால் ஊருக்குத் திரும்பி ஒரு நாள் வீணாகும்.